விதையும் விலையும் அறிந்து சோயா மொச்சை பயிரிடலாம்

கடலூர் மாவட்டத்தில் பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் கரும்பும் நெடுங்காலப் பயிர்கள். வெள்ளாற்றின் பெலாந்துறை அணைக்கட்டு வாய்க்கால் எட்டுகின்ற இடங்களில் நெல் விளைகிறது. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் கரும்பு. மேட்டு நிலங்களிலும் கரிசலிலும் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, எள் ஆகியவை பயிராகின்றன. கடந்த சில ஆண்டுகளாக மேட்டு நில விவசாயிகள் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பினர். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்கன் படைப்புழு தமிழ்நாட்டில் புகுந்து, கடலூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோள வயல்களில் பெரும் சேதம் விளைவித்தது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப ஒரே நிலத்தில் போடுவதில் உள்ள ஆபத்தை அந்த ஆண்டு எல்லோருக்கும் உணர்த்தியது.

மாற்றுப் பயிர் என்று பேச்சு வரும்போது சோயா மொச்சையின் பெயரும் அடிபடுகிறது. பெண்ணாடம் கடைவீதியில் சோயா எண்ணெயும் சோயா உருண்டையும் எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் வயலில் சோயாவைப் பார்த்தவர்கள் இப்பகுதியில் குறைவு. ஆகவே இந்தப் பயிரில் இறங்குமுன் அதன் குணங்களை நன்கு தெரிந்துகொள்வது அவசியம். உளுந்தை விதைப்பது போல விதைத்து, நிலக்கடலையை விற்பது போல விற்றுவிடலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். சோயாவில் கைநஷ்டம் பெரும்பாலும் இரண்டே காரணங்களால் வருகிறது. ஒன்று, விதை முளைக்காமல் வயல் சொட்டையாகப் போவது. மற்றொன்று, விளைந்ததை வாங்க ஆள் இல்லாமல் போவது. இவ்விரண்டையும் முன்கூட்டியே சரி செய்துகொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் நம் விவசாயிகளுக்குப் பழகியவையே.

வடக்கே கிடைத்த அனுபவம்

சோயா மொச்சை சீன நாட்டுப் பயிர். இந்தியாவில் 1960-களில் உத்தரப் பிரதேசத்தில் அப்போது இருந்த பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தின் உதவியுடன் இதைச் சோதித்துப் பார்த்தன. மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் கரிசல் நிலத்தை மழைக்காலத்தில் தரிசாகப் போட்டு, ஈரத்தைச் சேர்த்து வைத்து, பனிக்காலத்தில் கோதுமையோ கடலையோ விதைப்பதே வழக்கமாக இருந்தது. அந்தத் தரிசு காலத்தில் சோயா நுழைந்தது. இருந்த பயிரை விலக்காமல், காலியாகக் கிடந்த பருவத்தைப் பிடித்ததால் அது வேகமாகப் பரவியது. இன்று நாட்டின் சோயாவில் பெரும் பங்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் விளைகிறது.

அங்கே பயிர் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வயலுக்கு அருகிலேயே எண்ணெய் எடுக்கும் ஆலைகள் எழுந்தன. விளைந்ததை மூட்டை கட்டி எடுத்துச் சென்றால் அன்றைக்கே விற்க முடிந்தது. பெண்ணாடம் விவசாயிகள் இந்த இரண்டு பாடங்களையும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் நிலத்தில் எந்தப் பருவம் காலியாக இருக்கிறது, நம் சரக்கை யார் வாங்குவார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே விதையைத் தேட வேண்டும்.

முதலில் வாங்குபவரைத் தேடுக

நிலக்கடலையும் எள்ளும் உள்ளூர்ச் செக்கில் ஆடலாம். நிலக்கடலைப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய் இருக்கிறது. சோயாவில் இருப்பது 18 முதல் 20 சதவீதம் மட்டுமே. ஆகவே செக்கில் ஆட்டுவது கட்டுப்படியாகாது. கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரிக்கும் பெரிய ஆலைகளே அதை வாங்கும். எண்ணெய் எடுத்த பின் கிடைக்கும் புண்ணாக்குத்தான் கோழித் தீவனத்துக்குப் போகிறது.

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குச் சோயா ஏராளமாகத் தேவைப்படுகிறது என்பது உண்மை. ஆனால் பண்ணைக்காரர் பச்சை மொச்சையை நேராக வாங்கிக் கோழிக்குப் போட மாட்டார். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. முறையாகச் சூடுபடுத்திய பிறகே அது தீவனமாகும். மனிதர் உண்பதற்கும் இதே விதிதான். ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேக வைத்தே உண்ண வேண்டும்.

ஆகவே விதைப்பதற்கு முன்பே விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சோயா ஏலத்துக்கு வருகிறதா, வியாபாரிகள் கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். தீவன ஆலைகளுக்குச் சரக்குச் சேர்க்கும் வியாபாரிகளையும் விசாரிக்கலாம். தனியாக 5 மூட்டையை எடுத்துச் சென்றால் வண்டி வாடகைக்கே பாதி போய்விடும். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பயிரிட்டு, ஒரு லாரிச் சுமையாகச் சேர்த்து விற்றால் பேரம் பேசவும் வழியுண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அதன் மூலமே இதைச் செய்யலாம்.

நிலமும் பருவமும்

நல்ல வடிகால் உள்ள எந்த நிலமும் சோயாவுக்கு ஏற்றது. வண்டல் கலந்த நிலம், செம்மண், கரிசல் ஆகிய எல்லாவற்றிலும் வளரும். தண்ணீர் தேங்கும் பள்ளக்காலும் உவர் நிலமும் ஆகாது. வெள்ளாற்றங்கரை வண்டல் நிலம் மிகவும் ஏற்றது. களிப்பான கரிசலில் வடிகால் அமைத்தே பயிரிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், மாசிப் பட்டம் ஆகிய மூன்றிலும் சோயா விதைக்கலாம் என்பது பொதுப் பரிந்துரை. இவற்றில் பெண்ணாடம் பகுதிக்கு எது பொருந்தும் என்று மழையை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. புரட்டாசியில் விதைத்தால் இளம் பயிர் அந்த மழையில் மாட்டிக்கொள்ளும். களிமண் நிலத்தில் அது அழுகிவிடும். மேடான செம்மண் நிலம் உள்ளவர்கள் மட்டுமே புரட்டாசிப் பட்டத்தை நினைக்கலாம்.

ஆடிப்பட்டத்தில் விதைப்போர் நாளைத் தள்ளிப் போடக் கூடாது. சோயா 85 முதல் 90 நாளில் முதிர்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்பே, ஆனி மாதத்தின் கடைசி வாரங்களில் விதைத்தால் புரட்டாசியில் அறுவடை முடியும். ஆடிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழையில் காய்கள் களத்தில் நனையும். இந்தத் தாமதம் முழு வெள்ளாமையையும் கெடுத்துவிடும். ஆனி, ஆடியில் இங்கே மழை நிச்சயமில்லை. ஆகவே ஓரிரு தண்ணீர் கொடுக்கக் கிணற்று வசதி இருப்பது நல்லது.

மாசிப் பட்டம் முழுவதும் இறவைப் பயிராகும். வெயில் நன்றாக இருப்பதால் பயிர் செழிக்கும், அறுவடையும் வைகாசியில் சுலபமாக முடியும். ஆனால் கோடையில் வெள்ளை ஈ அதிகம். மஞ்சள் தேமல் நோயைக் கண்காணிப்பது அப்போது மிக அவசியம்.

ரகம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3 ஆகிய சோயா ரகங்களை வெளியிட்டுள்ளது. நெல் தரிசுக்கு ஆடுதுறை 1 ரகம் உண்டு. சோயா, பகல் பொழுதின் நீளத்தை உணரும் பயிர். வடக்கே மழைக்காலத்தில் பகல் நீளம் அதிகம். அங்கே உயரமாக வளர்ந்து காய்க்கும் சில ரகங்கள், பகல் குறைந்த நம் பகுதியில் குட்டையாக இருக்கும்போதே பூத்து, குறைவாகக் காய்க்கும். ஆகவே வெளிமாநில வியாபாரி மலிவாகத் தருகிறார் என்று எந்த மூட்டையையும் வாங்கி விதைக்கக் கூடாது. தென் மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ரகமா என்று வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முளைப்புச் சோதனை இல்லாமல் விதைக்காதீர்

சோயா சாகுபடியில் மிக முக்கியமான பகுதி இதுவே. நெல் விதையும் உளுந்து விதையும் ஓராண்டு இருந்தாலும் முளைக்கும். சோயா விதை அப்படியல்ல. அதன் மேல்தோல் மிக மெல்லியது. முளைக்கரு தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. மூட்டையை உயரத்திலிருந்து எறிந்தாலும், களத்தில் டிராக்டர் ஏறினாலும் உள்ளே அடிபட்டுவிடும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் விதை நிலத்தில் அழுகிப் போகும். அடிபடாத விதையும்கூட வெப்பமும் ஈரக் காற்றும் சேர்ந்தால் சில மாதங்களில் முளைப்புத் திறனை இழக்கிறது. புரட்டாசியில் அறுத்த விதை மழைக்காலத்தையும் கோடையையும் தாண்டி அடுத்த ஆடிக்கு நல்ல விதையாக இருப்பது அரிது.

சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம் என்று விதிக்கப்பட்டுள்ளது. சான்று அட்டை இருந்தாலும் விதைப்புக்குப் பத்து நாள் முன்னதாக வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்குச் செலவு எதுவும் இல்லை. மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதைகளை எண்ண வேண்டும். நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கின் மேல் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மற்றொரு ஈரச் சாக்கால் மூடிச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். தினமும் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். சொட்டச் சொட்ட நனைத்தால் விதை அழுகும். ஐந்து அல்லது ஆறாம் நாள் பிரித்து, நல்ல வேரும் குருத்தும் விட்டவற்றை மட்டும் எண்ண வேண்டும்.

70-க்கு மேல் முளைத்தால் ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். சிறு விதை ரகமானால் 25 கிலோவும் போதுமானது. 60 முளைத்தால் 35 கிலோ தேவைப்படும். 50-க்கும் குறைந்தால் அதை விதையாகவே கருதக் கூடாது. கூடுதலாகப் போட்டு ஈடு கட்டலாம் என்பது தவறு. அத்தகைய விதையில் முளைக்கும் செடியும் நோஞ்சானாக இருக்கும்.

சோயா விதையை ஊற வைத்து விதைக்கக் கூடாது. மெல்லிய தோல் வழியே தண்ணீர் வேகமாகப் புகுந்து பருப்பு வெடித்துவிடும்.

வேர் முடிச்சுக்குத் தனி நுண்ணுயிர்

பயறு வகைச் செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்பதை விவசாயிகள் அறிவார்கள். உளுந்தும் நிலக்கடலையும் இப்பகுதியில் காலங்காலமாக விளைவதால், அவற்றுக்கு வேண்டிய நுண்ணுயிர் மண்ணிலேயே இருக்கிறது. சோயாவுக்கு வேண்டிய நுண்ணுயிர் வேறு இனம். சோயா விளையாத நிலத்தில் அது இருக்காது. எனவே முதல் முறை பயிரிடுவோர் ரைசோபியம் கலக்காமல் விதைத்தால் செடி வெளுத்துப் போகும். பயறுக்கென்றும் நிலக்கடலைக்கென்றும் தரப்படும் பொட்டலம் இதற்கு உதவாது. சோயாவுக்குரியது என்று கேட்டே வாங்க வேண்டும்.

முதலில் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைத்தால் வேரழுகல் குறையும். விதைக்கும் நாளில், ஆறிய அரிசிக் கஞ்சியில் ஏக்கர் விதைக்கு 2 பொட்டலம், அதாவது 400 கிராம் ரைசோபியத்தைக் கலந்து, விதையின் மேல் தோல் உரியாதபடி மெதுவாகப் புரட்ட வேண்டும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காய வைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். இரசாயன உரத்தோடும் இதைக் கலக்கக் கூடாது.

விதைத்த 30-ஆம் நாள் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும் செடிக்குத் தழைச்சத்து போதாது. அந்த நிலையில் மட்டும் சிறிது யூரியா மேலுரமாக இட வேண்டியிருக்கும்.

விதைப்பு

நிலத்தை இரண்டு மூன்று சால் உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் பரப்பி, கட்டியில்லாமல் செய்துகொள்ள வேண்டும். கரிசலில் நாலு அல்லது ஆறு வரிசைக்கு ஒரு வடிகால் சால் விடுவது அவசியம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைக்க வேண்டும். ஆழம் 2 முதல் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சோயா முளைக்கும்போது பருப்பு இரண்டையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. ஆழமாகப் போட்டாலும், விதைத்தபின் மழை பெய்து மேல் மண் ஏடு கட்டினாலும் கழுத்து முறிந்து போகும். ஏடு கட்டினால் முளைக்கும் முன்பே லேசாகத் தண்ணீர் கொடுத்து மண்ணை இளக்க வேண்டும்.

பத்தாம் நாள் வயலில் பல இடங்களில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வரிசையில் செடிகளை எண்ண வேண்டும். 14, 15 செடி இருந்தால் திருப்தியே. 10-க்கும் குறைந்தால் உடனே பாடுவாசி நிரப்ப வேண்டும். வயல் முழுவதும் அப்படி இருந்தால், மேலும் உரத்துக்கும் மருந்துக்கும் செலவு செய்யாமல், அழித்துவிட்டு உளுந்து விதைப்பதே சிக்கனம். பத்தாம் நாள் எடுக்கும் இந்த முடிவு அறுபதாம் நாளில் வரும் நஷ்டத்தைத் தவிர்க்கும்.

உரம்

மண் ஆய்வு செய்து உரமிடுவதே முறை. ஆய்வு செய்யாத நிலத்துக்கு எக்டருக்கு 20 கிலோ தழைச்சத்து, 80 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து, 40 கிலோ கந்தகச் சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கர் கணக்கில் இதற்கு யூரியா 17 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 200 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ ஆகும். இவை முழுவதும் அடியுரமே.

மணிச்சத்தை டி.ஏ.பி.யாக இடாமல் சூப்பராக இடுவதில் ஒரு நன்மை உண்டு. சூப்பரில் கந்தகமும் இருக்கிறது. 200 கிலோ சூப்பரில் ஏறத்தாழ 22 கிலோ கந்தகம் கிடைத்துவிடுவதால் ஜிப்சத்துக்குத் தனியே செலவு செய்ய வேண்டாம். டி.ஏ.பி. இடுவோர் ஏக்கருக்கு 90 கிலோ ஜிப்சம் சேர்க்க வேண்டும். எண்ணெய்யும் புரதமும் சேர்ந்த பயிருக்குக் கந்தகம் குறையக் கூடாது.

பூக்கும் தருணத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் மணி பிடிப்பு கூடும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும்.

களையும் தண்ணீரும்

முதல் 40 நாள் களையில்லாமல் பார்த்துக்கொண்டால் பிறகு செடியே நிலத்தை மூடிக்கொள்ளும். ஆள் கிடைக்காத இடங்களில் விதைத்த மூன்று நாட்களுக்குள், ஈரமுள்ள மண்ணில், பென்டிமெத்தலின் ஏக்கருக்கு 1.3 லிட்டரை 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். 30-ஆம் நாள் ஒரு கைக்களை எடுக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் தெளிக்கும் அட்ரசின் சோயாவுக்கு ஆகாது. ஊடுபயிராக விதைத்த வயலில் பழக்கத்தில் அட்ரசினைத் தெளித்துவிட்டால் சோயா கருகிவிடும்.

இறவையில் விதைத்தவுடன் ஒரு தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும், பிறகு மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப 7 முதல் 10 நாளுக்கு ஒரு தண்ணீரும் கொடுக்கலாம். பூக்கும்போதும் காய் முற்றும்போதும் வாடவிடக் கூடாது. மழை பெய்து வயலில் நின்ற தண்ணீரை அன்றே வடித்துவிட வேண்டும்.

பூச்சி, நோய்

இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. பூப்பதற்கு முன் இலையில் கால் பங்கு போனாலும் சோயா தழைத்து ஈடு செய்துகொள்ளும். காய் பிடித்த பிறகு அந்தப் பொறுமை கூடாது.

புகையிலைப் புழு முக்கிய எதிரி. வரப்பு ஓரமாக ஆமணக்கு விதைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். முட்டைக் குவியலும் கூட்டமாக உள்ள இளம் புழுக்களும் இருக்கும் இலைகளைக் கிள்ளி அழிப்பது எளிது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பூச்சியின் வரவு முன்கூட்டியே தெரியும். புழு சிறிதாக இருக்கும்போதே அதற்குரிய நச்சுயிரிக் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம்.

மஞ்சள் தேமலுக்கு மருந்து கிடையாது. அதைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி. முதல் மாதத்தில் மஞ்சள் திட்டு விழுந்த செடிகளைக் கண்டவுடன் பிடுங்கிப் புதைக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 5 வைத்து, 3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். பக்கத்து வயலில் தேமல் பிடித்த உளுந்து இருந்தால் நம் வயலுக்கும் அது வரும். ஆகையால் அண்டை வயல்காரர்கள் கூடிச் செய்தால்தான் பலன் உண்டு.

கரும்பில் ஊடுபயிர்

முழு நிலத்தையும் புதுப் பயிருக்கு விடத் தயங்குவோர் கரும்பில் ஊடுபயிராகப் போட்டுப் பார்க்கலாம். மாசியில் கரும்பு நட்ட மூன்றாம் நாள், பாரின் பக்கத்தில் ஒரு வரிசை சோயா விதைக்கலாம். கரும்பு கவிந்து நிழல் கட்டுமுன் சோயா அறுவடைக்கு வந்துவிடும். கரும்புக்குக் கொடுக்கும் தண்ணீரே போதும். அறுத்தபின் தழையை அங்கேயே போட்டு மண் அணைத்தால் கரும்புக்கும் உரமாகும்.

அறுவடையும் அடிப்பும்

இலை மஞ்சளாகி உதிர்ந்து, காய் பழுப்பு நிறமானால் அறுவடை செய்யலாம். அதற்கு மேல் ஒரு வாரம் விட்டால் காய் வெடித்துச் சிதறும். பனி ஈரம் உள்ள காலை நேரத்தில் அறுப்பது நல்லது. செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தால், வேரும் முடிச்சும் மண்ணில் தங்கி அடுத்த பயிருக்கு உதவும்.

இரண்டு மூன்று நாள் களத்தில் காய வைத்து, வளையும் மூங்கில் குச்சியால் லேசாக அடித்தாலே மணி பிரியும். ஆலைக்குப் போகும் சரக்கை இயந்திரத்தில் அடிக்கலாம். அப்போதும் சுழற்சி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உடைந்த மணி அதிகமானால் விலை இறங்கும். ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்தி மூட்டை பிடிக்க வேண்டும்.

விதைக்குத் தனி ஏற்பாடு

ஆண்டுதோறும் விலை கொடுத்து விதை வாங்குவது சிறு விவசாயிக்குச் சுமை. புரட்டாசியில் அறுத்ததை அடுத்த ஆடிவரை காப்பதும் கடினம். இதற்கு ஒரு வழி உண்டு. கிணறு உள்ளவர்கள் மாசிப் பட்டத்தில் 10 சென்டில் மட்டும் விதைக்கென்றே பயிரிடலாம். ஏக்கருக்கு 400 கிலோ என்ற குறைந்த விளைச்சலானாலும் 10 சென்டில் 40 கிலோ கிடைக்கும். அது ஒரு ஏக்கருக்கான விதை. வைகாசியில் அறுத்து ஆனிக் கடைசியில் விதைத்தால் விதை காத்திருப்பது ஒன்றரை மாதம்தான். அதற்குள் முளைப்பு குறைய வாய்ப்பில்லை. இந்தப் பத்து சென்டில் தேமல் கண்ட செடி ஒன்றுகூட இருக்க விடக் கூடாது. கைக்குச்சியால் மட்டுமே அடிக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைக்க வேண்டும். நாலு மூட்டைக்கு மேல் அடுக்கக் கூடாது.

வரவு செலவு

2025-26-ஆம் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை சோயாவுக்குக் குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். அதே பருவத்தில் உளுந்துக்கு 7,800 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உளுந்து எடுக்கும் எடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சோயா எடுத்தால்தான் வரவு சமமாகும். உளுந்து நன்றாக விளையும் நிலத்தில் அதை விட்டுச் சோயாவுக்கு மாறுவதில் அவசரம் வேண்டாம். மக்காச்சோளம் ஓய்ந்துபோன மேட்டு நிலத்திலும், ஆனி முதல் புரட்டாசி வரை தரிசாகக் கிடக்கும் நிலத்திலும், கரும்பு இடைவெளியிலும் சோயாவுக்கு இடம் உண்டு.

ஏக்கருக்கு 400 கிலோ கிடைத்தால் ஆதரவு விலையில் 21,312 ரூபாய் வரும். நல்ல பராமரிப்பில் 600 கிலோ கிடைத்தால் 31,968 ரூபாய். உழவு, விதை, உரம், களை, அறுவடை எல்லாம் சேர்த்துச் செலவு 18,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கைக்காசு திரும்பவே 340 கிலோ விளைய வேண்டும். ஆதரவு விலை அறிவித்துவிட்டால் அந்த விலை எங்கும் கிடைத்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. 2024-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கி, விவசாயிகள் மறியலில் இறங்க வேண்டியதாயிற்று. கிலோ 42 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், அதே 18,000 ரூபாயைத் திருப்ப 430 கிலோ வேண்டும். ஒவ்வொருவரும் தம் செலவை ஒரு தாளில் எழுதி, தமக்குக் கிடைக்கக்கூடிய விலையால் வகுத்துப் பார்த்தால், எத்தனை கிலோவுக்குப் பிறகு லாபம் என்பது விதைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

முதல் ஆண்டில் 25 சென்ட் முதல் அரை ஏக்கர் வரை மட்டும் பயிரிட்டு, செடி எண்ணிக்கை, விளைச்சல், விற்ற விலை ஆகிய மூன்றையும் குறித்து வைப்பது நலம். 25 சென்டுக்குச் சுமார் 8 கிலோ விதை போதும். நஷ்டமானாலும் தாங்கக்கூடிய அளவு அது. லாபமானால் அடுத்த ஆண்டுக்கு அனுபவமும் விதையும் கையில் இருக்கும். ஆனி மாதத்தில் விதைக்க எண்ணுவோர் மாசியிலேயே விதைக்கும், சோயாவுக்குரிய ரைசோபியத்துக்கும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லி வைக்க வேண்டும். வாங்கும் வியாபாரியையும் அப்போதே பேசி வைக்க வேண்டும். அதன் பிறகு ஏரைப் பூட்டலாம்.